பாளையங்கோட்டை முதல் சண்டிகர் வரை: 38 மணி 40 நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில், டெல்லியில் மூடுபனியால் விமானங்கள் தாமதம், பயணிகள் அவதி என்று நாலு வரிச் செய்தி வந்திருந்தது. அந்த அவதிப்பட்ட பயணிகளில் நானும் என் மனைவியும் உண்டு. நாலு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், நேரங்களை மட்டும் வெட்டவேண்டாம்.

தெற்கு ரயில்வேயில் 33 வருஷம் வேலை பார்த்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். சாத்தூர், கோவில்பட்டி, வாஞ்சி மணியாச்சி என்று இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களிலேயே பாதிக் காலம் போனது. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனைக்குப் போனது என்று ரிஜிஸ்டரில் எழுதி எழுதி, ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். இங்கே சொல்லும் நேரமெல்லாம் அதில் எழுதியவை.

மகளும் மருமகனும் சண்டிகரில் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று டிக்கெட் எடுத்திருந்தோம். பேத்தி மூன்று வாரம் முந்திக்கொண்டாள். சரி, பதினாறாம் நாள் தொட்டிலில் போடும்போதாவது பக்கத்தில் இருப்போம் என்று கிளம்பினோம். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேராகவே ரயில் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்துபோக மனைவியின் முழங்கால் சம்மதிக்காது. அதனால் ஒரே நிறுவனம், ஒரே டிக்கெட், மூன்று விமானம். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் காலை 10.40, சென்னையில் மதியம் 2.10, டெல்லியில் இரவு 7.15. எட்டரை மணிக்குச் சண்டிகரில் இறங்கிச் சுடச்சுட ரசம் சாப்பிடலாம் என்பது மருமகன் போட்ட திட்டம்.

செவ்வாய்க்கிழமை காலை 7.30-க்குப் பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டினோம். காரில் போகும்போது 8.10-க்குக் குறுஞ்செய்தி: விமானம் 11.30-க்கு. வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26-ல் திறந்த புதிய முனையம் பளபளவென்று இருக்கிறது, குறையே சொல்லமுடியாது. அங்கே போய் உட்கார்ந்ததும் 11.30 என்பது 12.15 ஆயிற்று. என்ன காரணம் என்று கவுண்டரில் கேட்டேன். 'ஆப்பரேஷனல் ரீசன் சார்' என்றார் அந்தப் பெண். நாங்களும் ஒரு காலத்தில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே, அதனால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய விமானமே இன்னும் கிளம்பவில்லை, அதுதான் விஷயம். எங்கள் பாஷையில் இதை இணை வண்டி லேட் என்போம். அதைச் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

1.05-க்கு விமானம் கிளம்பியது. தாமதம் 2 மணி 25 நிமிஷம். சென்னையில் இறங்கியது 2.35. டெல்லி விமானம் 2.20-க்கே போய்விட்டிருந்தது.

இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. மணியாச்சியில் தூத்துக்குடி வண்டி லேட்டாக வந்தால், மெயின் லைன் வண்டியைப் பத்து நிமிஷம் பிடித்துவைக்கலாமா என்று கண்ட்ரோலுக்குப் போன் போட்டுக் கேட்போம். சில சமயம் முடியும், சில சமயம் திட்டு விழும். விமானத்தை அப்படிப் பிடித்து நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும், அதற்கு நான் சண்டை போடவில்லை. ஆனால் 1.05-க்கு எங்களை வாகைக்குளத்தில் ஏற்றும்போதே, டெல்லி போகவேண்டிய இந்த 11 பேரும் சென்னையில் டெல்லி விமானத்தைத் தவறவிடப் போகிறார்கள் என்று கணக்குப் போட பெரிய மூளை வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் பறக்கவேண்டும். அப்படியென்றால் 2.35. அங்கே 2.10. இது அவர்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குத் திரும்பி மறுநாள் போயிருப்போம். சொல்லவில்லை. ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சென்னையில் மாலை 6.20 விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மனைவிக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். தள்ளிவந்த பையன் நல்ல பையன், செங்கோட்டைப் பக்கமாம். வாயிலருகே எங்களை விட்டுவிட்டு, 'ஷிஃப்ட் முடியுது அம்மா, அடுத்த ஆள் வருவாங்க' என்று சொல்லிப் போனான். அடுத்த ஆள் வரவில்லை. 5.50-க்கு வாயில் எண் மாறியது. மாறியதைத் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தக் கோடிக்குப் போனேன். எனக்கு வயது 69. தள்ளுவண்டி ஓட்டுவது புதிதல்ல, பிளாட்பாரத்தில் பார்சல் வண்டி தள்ளாத ரயில்வேக்காரன் யார்? இருந்தாலும் நூறு பேர் பார்க்க, அவள் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டதுதான் கஷ்டமாக இருந்தது.

புதிய வாயிலில் பெரிய திரை. அதில் 'புறப்பாடு 18.20'. கீழே பச்சை எழுத்தில் 'சரியான நேரம்'. என் கைக்கடிகாரத்தில் மணி 7.05. நோட்டில் இதை இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன். முக்கால் மணி நேரம் ஒரு பலகை பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது, அதன் அடியில் சீருடை போட்ட மூன்று பேர் நிற்கிறார்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் காலத்தில் பிளாட்பாரப் பலகை இப்படிக் காட்டியிருந்தால், பயணி புகார்ப் புத்தகம் கேட்பார், மறுநாள் எனக்குச் சார்ஜ் மெமோ வரும்.

எழுந்துபோய்க் கேட்டேன். அந்தத் தம்பி தன் பெயர் அட்டையைத் திருப்பி மாட்டியிருந்தார், வெள்ளைப் பக்கம்தான் தெரிந்தது. 'சிஸ்டத்துல ஆன் டைம்னுதான் சார் காட்டுது' என்றார்.

'தம்பி, உங்களுக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது. வெளியே விமானமே இல்லையே.'

அவர் திரும்பிப் பார்த்தார். 'வரும் சார்' என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் மகன் வயதுகூட இருக்காது. ஆனால் அவருக்கு மேலே இருக்கும் டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொன்னோம், அவர் கடைசிவரை வரவே இல்லை. 7.40-க்கு 8.15 என்றார்கள். 8.20-க்கு 9.10. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் பால் கலக்க வெந்நீர் கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினார்.

சாப்பாட்டுக் கதை தனி. எட்டே முக்காலுக்கு ஆளுக்கொரு 200 ரூபாய்க் கூப்பன் தந்தார்கள். அதுவும் நாங்கள் பத்துப் பேர் சத்தம் போட்ட பிறகு. கூப்பனில் எழுதியிருந்த கடை பூட்டியிருந்தது. திறந்திருந்த கடையில் அந்தக் கூப்பன் செல்லாதாம். கடைசியில் ஒரு பழச்சாறு டப்பாவும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வந்தன. நானும் அவளும் மகளுக்காகக் கைப்பையில் வைத்திருந்த முறுக்கைப் பிரித்தோம். 'என்னங்க, நாம போய்ச் சேரதுக்குள்ள பேத்தி நடக்க ஆரம்பிச்சிருவா போலயே' என்றாள். அவ்வளவு நேரத்தில் சிரித்தது அப்போதுதான்.

9.50-க்குப் புறப்பட்டு, நள்ளிரவு 12.40-க்கு டெல்லியில் இறங்கினோம். சண்டிகர் விமானம் எப்போதோ போயிருந்தது. அடுத்தது காலை 7.05. தங்க இடம் கேட்டதற்கு, 'வெதர் சார், வெதருக்கு ஓட்டல் கிடையாது' என்றார்கள். வாகைக்குளத்தில் வெயில் கொளுத்தியது, சென்னையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எந்த ஊர் வெதர் என்று எனக்குத் தெரிந்த ரயில்வே ஹிந்தியில் கேட்டேன். பதில் இல்லை. மூன்று இரும்பு நாற்காலியைச் சேர்த்து அவளைப் படுக்கவைத்து, என் சால்வையையும் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ராத்திரி டியூட்டி பார்த்த உடம்பு, எனக்குத் தூக்கம் பெரிய விஷயமில்லை.

விடிந்தபோது நிஜமாகவே பனி இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டதுபோல. இந்தப் பகுதியை நியாயமாகச் சொல்லவேண்டும். மூடுபனிக்கு யாரும் பொறுப்பில்லை. திருச்சிப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இதை மண்டையில் ஏற்றி அனுப்பினார்கள். ஸ்டேஷனுக்கு முன்னால் நின்று பார்த்தால் 180 மீட்டரில் ஒரு அடையாளப் பொருள் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பனி என்று அர்த்தம். உடனே ஆள் அனுப்பி, சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பட்டாசு வைக்கவேண்டும். இன்ஜின் ஏறியதும் அது வெடிக்கும், டிரைவர் சிக்னல் வருகிறது என்று தெரிந்துகொள்வார். நம் ஊரில் அதற்கு வேலை வந்தது சொற்பம்தான், ஆனால் விதி மனப்பாடம். டெல்லியில் பார்வைத்தூரம் மிகவும் குறைந்தாலும் இறங்குவதற்குக் கருவிகள் இருக்கின்றன. அதற்கு விமானத்திலும் கருவி வேண்டும், விமானிக்கும் தனிப் பயிற்சி வேண்டும், போய் இறங்குகிற ஊரிலும் வசதி வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் பறக்கக்கூடாது. பறக்கவேண்டாம். உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் அதையும் யாராவது வாய் திறந்து சொல்லவேண்டுமல்லவா? 7.05 என்பது 9.00 ஆயிற்று. அப்புறம் 10.30. 11.40-க்குத் திரையில் ஒற்றை வார்த்தை: ரத்து. மைக் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. அதே வரிசையில் பக்கத்து வாயிலில் வேறொரு நிறுவனத்தின் பெண் ஊழியர் ஒருவர், கால் மணிக்கு ஒருதரம் எழுந்து நின்று, சண்டிகரில் பார்வைத்தூரம் இன்னும் போதவில்லை, 11 மணிக்கு மறுபடி சொல்கிறேன் என்று மைக் இல்லாமல் வாயாலேயே கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் விமானமும் போகவில்லை. ஆனால் அந்தப் பக்கம் யாரும் கவுண்டரைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் போய் நன்றாக இருக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

எங்களுக்கு மறுநாள் காலை அதே விமானம் என்றார்கள். மறுநாள் பனி இருக்காது என்பதற்கு என்ன நிச்சயம்? நான் அவளைக் கூட்டிக்கொண்டு விமான நிலைய மெட்ரோவில் புதுடெல்லி ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். மாலை 5.15 சதாப்தியில் இரண்டு இடம் கிடைத்தது. நடைமேடையில் கால் வைத்ததும் மனசு கொஞ்சம் லேசாயிற்று என்பதை மறைக்கவில்லை. ரயிலும் லேட்தான். பானிபட் தாண்டி ஒருமுறை, அம்பாலாவுக்கு முன்னால் ஒருமுறை நின்றது. 9.25-க்குச் சண்டிகர். மகள் வீட்டு வாசலை மிதித்தபோது புதன்கிழமை இரவு 10.10. ரசம் இருந்தது, இரண்டாம் நாள் ரசம்.

பெட்டி வரவில்லை. வாகைக்குளத்திலேயே சண்டிகர்வரை சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்டதால் டெல்லியில் தரமுடியாதாம், அடுத்த விமானத்தில் வரும் என்றார்கள். அதற்குள் என்ன இருந்தது என்பது முக்கியம். பழைய மல் வேட்டிகள் ஆறு. குழந்தைக்கு விரிக்கவும் கட்டவும் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அவள் ஒரு வாரம் உட்கார்ந்து மடித்துவைத்தது. வசம்பு, கருப்பு வளையல், எவர்சில்வர் சம்படத்தில் பிரசவ லேகியம், இரண்டு கிலோ அல்வா. தொட்டில் போட்டது வெள்ளிக்கிழமை. பெட்டி வந்தது சனிக்கிழமை மாலை. சம்படத்தின் மூடி திறந்து, வேட்டித் துணி முழுக்க லேகியம். அல்வா மட்டும் அலுங்கவில்லை, அது திருநெல்வேலிப் பிள்ளை. தொட்டிலுக்கு மருமகன் கடையில் வாங்கிவந்த பூப்போட்ட துணியை விரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பணம் திரும்பக் கேட்டேன். ரத்தான டெல்லி-சண்டிகர் பகுதிக்கு 2,860 ரூபாய். மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல்: நாங்கள் மறுநாள் விமானத்துக்கு வராததால், வராத பயணி என்ற கணக்கில் பணம் தரமுடியாதாம். கவுண்டரில் நான் வேண்டாம் என்று சொன்ன விமானத்துக்கு, நான் வரவில்லை என்று குற்றம்! கடிதத்தின் முதல் வரியில் 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கோவா பயணம் பற்றி' என்று வேறு இருந்தது. நான் கோவா பார்த்ததே இல்லை.

ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, விதியைத் தேடிப் படித்தேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-ல் போட்டு, பிறகு திருத்திய விதி அது. இரண்டரை மணி நேரத்துக்குள் பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானாலே காத்திருப்பவர்களுக்குச் சாப்பிடக் கொடுக்கவேண்டும். இரண்டரைக்கு மேல் ஐந்து மணி வரை பறப்பது என்றால் 3 மணி நேரம். அதாவது வாகைக்குளத்திலும் எங்களுக்குப் பாத்தியதை இருந்தது, கிடைத்தது ஒரு தண்ணீர் பாட்டில். விமானம் ரத்தானால் வேறு விமானமா, பணமா என்று தீர்மானிப்பது பயணி. இயற்கையால் ரத்தானால் நஷ்ட ஈடு கிடையாது, அது சரிதான். ஆனால் பனி என்று சொல்லி டிக்கெட் பணத்தையே வைத்துக்கொள்ள எந்த வரியிலும் இடமில்லை.

ஓட்டல் விஷயத்தில் நான் தோற்றேன் என்பதையும் எழுதுகிறேன். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் புறப்படவேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேலோ, மற்ற விமானம் 24 மணி நேரத்துக்கு மேலோ தாமதமானால்தான் தங்க இடம். எங்களுடையது 7.15. முக்கால் மணி நேரத்தில் போயிற்று. இதை அந்தக் கவுண்டர்க்காரர் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன், விதி விதிதான். அவருக்கு விதியே தெரியாது, 'வெதர்' என்ற ஒரு சொல்தான் தெரியும். ஆனால் இந்த விதியை எழுதியவர்களுக்கு ஒரு கேள்வி: பயணி ராத்திரி எங்கே படுக்கிறான் என்பதைப் பார்க்காமல், விமானம் எத்தனை மணிக்குப் புறப்படவேண்டியிருந்தது என்பதை வைத்தா கட்டில் தருவது?

மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கோவா கடிதமே அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவரை அதுவும் இல்லை. இனி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. இது தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். போர்டிங் சீட்டு, குறுஞ்செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். நேரத்தை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தாரிடம் நான் கேட்பது அதிகமில்லை. தாமதமாகும் வாயிலில், பெயர் அட்டையை நேராக மாட்டிய ஒருவர், கால் மணிக்கு ஒருமுறை தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லவேண்டும். இன்னும் தெரியவில்லை என்றால் அதையாவது சொல்லட்டும். நாங்கள் மைக்கில் 'ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று சொல்லும்போது ஊரே கேலி செய்தது, தெரியும். அந்தக் கேலிக்கும் யாராவது பேசினால்தானே வழி?

மகள் இன்னும் இரண்டு மாதம் அம்மா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நான் மட்டும் ரயிலில் திரும்பினேன். மார்ச் கடைசியில் அவளை அழைத்துவரப் போகவேண்டும். மதுரை-சண்டிகர் வண்டியில் டிக்கெட் எடுத்துவிட்டேன், ஆர்.ஏ.சி. 11. திரும்பி வருவதற்கு அவளுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. முழங்கால் என்ன சொல்லும் என்று போனில் கேட்டேன். 'அது என் கூடத்தானே வருது, நான் பார்த்துக்கிடுதேன்' என்றாள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
பாளையங்கோட்டை.